புள்ளிக்கோடு

எனக்கு ஜோதிடம் தெரியாது.
பிரிண்டருக்குத் தெரியும்.
கோத்தகிரி டானிங்டன் நிறுத்தத்துக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்,
அதற்குக் கீழே சின்ன எழுத்தில்
கம்ப்யூட்டர் ஜாதகம், பதினோரு பக்கம், நூற்றைம்பது.
பத்துப் பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள்.
பதினோராவதை யாரும் கேட்டதில்லை.

செவனம்மா கேட்டாள்.

டான்டீயில் கொழுந்து எடுக்கிறவள்.
விரல் இடுக்கெல்லாம் கறை.
இடுப்புப் படுதாவைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள்.
"பொண்ணுக்கா, பையனுக்கா?"
"எனக்குத்தான்."
ஐம்பத்திரண்டு வயதில் யாரும்
தனக்கென்று கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறந்த ஊர்?
கப்பல்.
தலைமன்னாரை விட்டாயிற்று, ராமேஸ்வரம் வரவில்லை.
சாப்ட்வேரில் கடல் கிடையாது.
ராமேஸ்வரம் என்று அமுக்கினேன்.
நேரம்?
"கரை விளக்கு தெரிஞ்சப்போன்னு அம்மா சொல்லும்."
ஆறு நாற்பது என்று அடித்தேன்.
ஏன் நாற்பது என்று கேட்காதீர்கள்.

கட்டத்தின் மேல்வரிசை.
மேஷத்தில் சந்திரன், ஏழு பாகை.
ரிஷபத்தில் சனி, ஏழே கால்.
அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் சுவர்.
நம்ம கணக்கில் அடுத்த வீட்டைப் பார்க்க
எந்தக் கிரகத்துக்கும் கண் இல்லை.
குரு ஐந்தையும் ஒன்பதையும் பார்ப்பார்,
செவ்வாய் நான்கை, எட்டை.
சனிகூட மூன்றாம் வீடுவரை கழுத்தைத் திருப்புவார்.
இரண்டாம் வீட்டை
யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் பதினோராம் பக்கம் வெள்ளைக்காரன் கணக்கு.
முப்பது பாகை இடைவெளிக்கும்
அவன் ஒரு புள்ளிக்கோடு போட்டிருக்கிறான்.
மிகச் சிறிய பார்வை.
பலன் என்ற இடத்தில்
தமிழாக்கியவர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"இந்தப் புள்ளி என்னாங்க?"
"பக்கத்து வீடும்மா. பார்க்காது. ஆனா…"
ஆனாவுக்குப் பிறகு என்னிடம் ஒன்றுமில்லை.

அவள்தான் சொன்னாள்.
லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது.
அந்தப் பக்கம் விளக்கு வைத்தால்
இந்தப் பக்கத் தகரத்தில் மஞ்சளாக விழும்.
இருமினால் இருமல், தாளித்தால் தாளிப்பு.
தை மாதம், உறைபனி கொழுந்தைக் கருக்குகிற நாட்களில்,
குழாயில் தண்ணீர் வருகிற நாலரை மணிக்கு
அந்தப் பக்கத்து ஆள்
சுவரில் ரெண்டு தட்டு தட்டுவார்.
இவள் ஒரு தட்டு.
எழுந்தாச்சு என்று அர்த்தம்.

"வேற ஒண்ணும் பேசினதில்லை.
அவருக்கு ஃபேக்டரி, எனக்கு மலை.
வாசல்ல எதிர்ப்பட்டாக்கூட
அவர் பூட்டைப் பார்ப்பார், நான் குடத்தைப் பார்ப்பேன்."
ஒன்பது வருஷம்.
பிறகு அவரைப் பந்தலூருக்கு மாற்றிவிட்டார்கள்.
இப்போது அந்த வீட்டில் உரமூட்டை.

நேர்மையானவன் என்று காட்டிக்கொள்ள
எனக்கு வேண்டாத நேரத்தில் ஆசை வரும்.
"சந்திரன் மணிக்கு அரைப் பாகை ஓடும்மா.
நேரம் மூணு மணி அப்படி இப்படின்னா
இந்தக் கோடு இருக்காது."

செவனம்மா திரையைப் பார்த்தாள்.
பிறகு கீபோர்டின் மேலிருந்த என் கையை.
"அப்ப தள்ளாதீங்க."

லேமினேஷன் கடைசித் தாளுக்கு மட்டும்.
மை தீரப் போகிற காட்ரிட்ஜ்,
நாலு புள்ளி விழவே இல்லை.
மறுபடி அடித்துத் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்றாள்.
சூடு ஆறாத பிளாஸ்டிக்கை
கொழுந்துப் பைக்குள் நிறுத்திவைத்து
மூடுபனியில் மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்த
பஸ்ஸுக்கு ஓடினாள்.

மற்ற ஐந்து தாளும் மேஜையிலேயே.
லக்ன பலன், தசாபுத்தி, குருவின் முழுப் பார்வை,
முன்னும் பின்னும் அச்சடித்தது.
பக்கத்துக் கடை ஹாலனிடம் கொடுத்தேன்,
மிளகாய் பஜ்ஜி கட்ட ஆகுமே என்று.
எண்ணெய் ஊற ஊறத் தாள் கண்ணாடியாகி
ராசிக் கட்டத்தின் வழியே நவாம்சம் தெரிந்தது.
மழை பிடித்துக்கொண்டதால்
நானும் ரெண்டு வாங்கினேன்.